வெள்ளை வைன் ருசி பார்த்த ஞாயிற்றுக்கிழமை

றோலண்ட் அத்தானின் அடக்கப் பூசையில் ஃபாதர் அவரைப் பொறுமைசாலி என்றார். இந்தத் தோட்டத்தில் அவரைப் போலக் காத்திருக்கத் தெரிந்த மனிதர் இன்னொருவர் இல்லை என்று வேறு சொன்னார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்று, "ஃபாதர், என்ன வேணும்னாலும் சொல்லுங்க, அந்தப் பொறுமையப் பத்தி மட்டும் பேசாதீங்க" என்று சொல்லியிருப்பேன். பக்கத்தில் இருந்த என் அக்கா பவுலின் என் சேலைத் தலைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் குணம் அவளுக்குத் தெரியும். கோயிலில் சொல்லாமல் விழுங்கியதை இங்கே சொல்கிறேன்.

அத்தான் என் அக்காவின் புருஷன். லிந்துலைக்கு மேலே இருக்கிற கறுத்தப்பாறைத் தோட்டத்தின் பெரிய பங்களாவில் வாலிபத்திலிருந்து அப்புவாக இருந்தவர். அப்பு என்றால் பங்களா வேலைக்காரர்களுக்கெல்லாம் மூத்தவர். சமையல், மேசை, துரை வீட்டுச் சாவிக்கொத்து எல்லாம் அவர் கையில். அவர் பிறந்த வருஷம் தோட்டத்தில் இருந்த வெள்ளைக்காரத் துரையின் பெயரைத்தான் அவருடைய அப்பா சவரிமுத்து பிள்ளைக்கு வைத்தார். துரை மனம் குளிர்ந்து ஒரு கம்பளிப் போர்வை கொடுத்தாராம். அதை அத்தான் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம், "அப்ப ஒங்க பேரு வெல ஒரு போர்வ தானா அத்தான்?" என்று கேட்பேன். சிரிப்பார். கோபப்படவே தெரியாத மனுஷன். நான் கோபப்பட்டே வளர்ந்தவள். அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கோபப்பட்டது நான் தான்.

சவரிமுத்து மாமாவும் பங்களா அப்புவாகத்தான் இருந்தார். ஒரு நாள் காலைச் சாப்பாட்டு மேசையில், "லயத்துக் கூரை ஒழுகுதுங்க தொரை, ரெண்டு தகரம் வேணும்" என்று கேட்டுவிட்டார். முதல் நாள் ராத்திரி குடித்த குடியில் துரைக்குத் தலைவலி. அப்பு போடுகிற வெள்ளைக் கோட்டைக் கழற்றச் சொல்லி, மறுநாள் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் நிறுத்தி, மண்வெட்டி கொடுத்து மலைக்கு அனுப்பிவிட்டார். அந்த வருஷம் முழுக்க மாமா தண்ணீர் ஓடுகிற கான் வெட்டினார். பிறகு அந்தக் குடும்பத்துக்கு அதுவே வேதமாகிவிட்டது. துரை வெறும் வாயோடு இருக்கும்போது எதுவும் கேட்கக் கூடாது. இரண்டாவது கிளாஸ் உள்ளே இறங்க வேண்டும், காது மடல் சிவக்க வேண்டும், அப்போதுதான் வாயைத் திறக்க வேண்டும்.

சும்மா சொல்லக் கூடாது, அது பலித்தது. அத்தான் ஐஸ் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு துரையின் காதையே பார்த்தபடி நிற்பார். காது சிவந்ததும் மெல்லக் குனிந்து ஒரே ஒரு வாக்கியம் பேசுவார். பொன்னையா வீட்டுக்குப் புதுக் கதவு வந்தது அப்படித்தான். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடுகிற பிள்ளை மடுவத்துக்கு அடுப்பு வந்ததும், மூக்கன் மகனுக்கு ஃபெக்டரியில் வேலை கிடைத்ததும் அப்படித்தான். ஏன், பங்களாக் குசினியில் எனக்குக் கிடைத்த சமையல் வேலையும் ஒரு துரையின் சிவந்த காதால் வந்தது தான். தோட்டத்தில் யாருக்கு என்ன தேவை என்றாலும் அத்தானிடம் வந்து காதோடு சொல்வார்கள். அவர், "இருங்க, நேரம் பாத்துக் கேக்கிறேன்" என்பார். கேட்டும் விடுவார். ஒரு தடவை 'இல்லை' என்று துரை வாயால் வந்துவிட்டால் அது கல்லில் வெட்டியது மாதிரி, அதனால் அந்த 'இல்லை' வராத நேரமாய்ப் பார்த்துத்தான் கேட்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஜூன் மாதம். அக்காவின் ஒரே மகன் அன்டன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நின்றான். எங்கள் தோட்டத்துக் கோயிலின் அந்தோனியார் திருநாளுக்காக ஊருக்கு வந்தவனை ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பிடித்துவிட்டார்கள். அன்றைக்கு அங்கே சுற்றிவளைப்பு. அவனிடம் அடையாள அட்டை இல்லை. எங்களில் பாதிப் பேரிடம் அப்போது இல்லை. தமிழ்ப் பையன், இளம் வயசு, கொழும்பிலிருந்து வருகிறான், அட்டை இல்லை. சண்டைக் காலத்தில் வேறென்ன வேண்டும்?

அது வெள்ளிக்கிழமை. செய்தி கேட்டதும் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சனிக்கிழமை சோற்றுப் பார்சலோடு பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். கேட்டில் நின்ற ஒரு கான்ஸ்டபிள் கொஞ்சம் ஈரமுள்ளவன் போலிருக்கிறது. "திங்கட்கிழமை இவர்களைத் தெற்கே ஒரு முகாமுக்கு அனுப்பப் போகிறோம். அதற்கு முன்னால் மதிப்பான ஒருவர் வந்து, இவனை எனக்குத் தெரியும் என்று சொன்னால் இன்ஸ்பெக்டர் ஐயா விட்டுவிடுவார்" என்று சிங்களத்தில் சொன்னான். முகாமுக்குப் போனவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ராகலையில் ஒரு பையன் திரும்பி வந்த பிறகும் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடிக்க முடியாமல் இருந்தான்.

மதிப்பான ஆளுக்கு எங்கே போவது? பெரிய துரையிடம் அத்தானால் கேட்க முடியவில்லை. கம்பனி அனுப்பிய புது ஆள், தோட்டத்துப் பையன்களின் பொலிஸ் விவகாரத்தில் தலையிட மாட்டேன் என்று வந்த அன்றைக்கே சொல்லியிருந்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவருடைய சிநேகிதர்கள் பங்களாவுக்கு வருவதாக இருந்தது. பழைய வெள்ளை வைன்களை ருசி பார்க்கிற ஒரு கூட்டமாம். ஆளுக்கொரு போத்தல் கொண்டுவந்து, ஒன்றாக உட்கார்ந்து ருசித்து, எந்த ஊரில் எந்த வருஷம் செய்தது என்று கண்டுபிடிப்பார்களாம். எங்கள் பங்களாவில் அதுதான் முதல் தடவை. வருகிறவர்களில் ஒருவர் குணரத்தினம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், நுவரெலியாவில் வக்கீல், முன்பும் பங்களாவுக்கு வந்து போனதில் அத்தானைத் தெரிந்தவர். கந்தப்பளைப் பையன்கள் இரண்டு பேரை ஒரே ஒரு டெலிபோன் பேச்சில் வெளியே எடுத்தவர் என்று எல்லாருக்கும் தெரியும்.

"அந்தோனியாரே அனுப்பியிருக்காரு" என்றார் அத்தான். அக்கா முழங்காலில் விழுந்து அழுதாள். ஞாயிறு காலை பூசை முடிந்ததும் அவள் மறுபடி பார்சலோடு ஸ்டேஷனுக்குப் புறப்பட்டாள். "ஐயா வராருன்னு தம்பிக்கிட்ட சொல்லு. அப்பா இன்னைக்கிக் கேட்டுருவேன்னு சொல்லு" என்று அத்தான் சொல்லி அனுப்பினார். நாங்கள் இரண்டு பேரும் பங்களாவுக்குப் போனோம்.

அன்றைக்குத் துரை போட்ட சட்டங்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். மேசையில் பூ வைக்கக் கூடாது. யாரும் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்திருக்கக் கூடாது. ருசி பார்த்து முடியும் வரைக்கும் குசினியில் வெங்காயம் வதக்கக் கூடாது. வாசனை கலந்துவிடுமாம். நான் காலையிலேயே தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டதால் பன்ட்ரியை விட்டு வெளியே வரக் கூடாது என்று உத்தரவு. பன்ட்ரி என்பது குசினிக்கும் சாப்பாட்டறைக்கும் நடுவில் இருக்கிற சின்ன அறை. கதவு இடுக்கால் பார்த்தால் எல்லாம் தெரியும். மேசையில் ஆளுக்கு ஆறு கிளாஸ், ஒரு வெறும் பாண் ரொட்டித் துண்டு, நடுவே நாலு சின்ன வாளிகள். அத்தான் வழக்கம் போல வாளிகளில் ஐஸ் நிரப்பிக்கொண்டு போனார். துரை, "ஐஸ் வேண்டாம் அப்பு, காலியாக வை" என்று திருப்பி அனுப்பினார். எதற்கு என்று எங்களுக்கு விளங்கவில்லை.

வெயில் ஏறும் முன்பே கார்கள் வந்தன. குணரத்தினம் ஐயா தான் முதலில் இறங்கினார். மெலிந்த மனுஷன், கழுத்தில் மஃப்ளர். அத்தான் ஓடிப்போய்ப் போத்தலை வாங்கிக்கொண்டார். ஐயா நின்று, அவர் முகத்தை நேராகப் பார்த்து, "எப்பிடி றோலண்ட், சுகமாய் இருக்கிறீரோ? வீட்டிலை எல்லாரும் சுகமோ?" என்று கேட்டார். நான் பன்ட்ரி ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேள்வியே அதுதானே! பதில் சொல்லுங்க அத்தான்!

"நல்லா இருக்கோங்க ஐயா" என்றார் அத்தான்.

பன்ட்ரிக்குள் வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "வாயில என்னா கொழுக்கட்டையா? அவரா கேட்டாருல்ல?"

"இன்னும் ஒரு வாய் கூட படலடி. இப்ப கேட்டா பொறகு பாப்போம்னு சொல்லிருவாரு. அதோட போச்சு. ரெண்டாவது கிளாஸ் முடியட்டும்."

போத்தல்களுக்குத் துணி சுற்றி, பெயர் தெரியாமல் வைத்திருந்தார்கள். அத்தான் ஊற்றினார். வெள்ளை வைன் என்று பெயர், வெள்ளையாக ஒன்றும் இல்லை. பழையதாகப் பழையதாக நிறம் ஏறுமாம். ஒன்று நல்லெண்ணெய் நிறம், ஒன்று கொம்புத்தேன் நிறம், ஒன்று வெறும் தேத்தண்ணி மாதிரியே இருந்தது. அத்தான் கெட்டுப்போன போத்தலைத் திறந்துவிட்டோமோ என்று வெலவெலத்துப் போனார். அவர்களோ கிளாஸை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து சொக்கிப்போனார்கள். தேன் வாசனை என்றார் ஒருவர். வறுத்த கொட்டை என்றார் இன்னொருவர். கொழும்பிலிருந்து வந்திருந்த அம்மா ஒரு கிளாஸை முகர்ந்துவிட்டு, "மண்ணெண்ணெய்! அருமையான மண்ணெண்ணெய்!" என்று இங்கிலீஷில் கூவினார். நல்ல பழைய வைனுக்கு அந்த வாடை வருமாம். லயத்து வரிசை வீட்டில் குப்பி விளக்கு வாடையோடு பிறந்து வளர்ந்த எனக்கு அதில் என்ன அருமை என்று புரியவில்லை. வேறொரு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன்.

அப்புறம் தான் அது நடந்தது. ஒவ்வொருவரும் ஒரு வாய் எடுத்து, வாய்க்குள்ளேயே உருட்டி, கொப்பளித்து, குனிந்து வாளிக்குள் துப்பினார்கள். ஃபெக்டரியில் தேத்தண்ணி ருசி பார்க்கிறவர்கள் உறிஞ்சித் துப்புவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆனால் சாராயம், விஸ்கி, வைன் என்று போதை ஏறுகிற ஒன்றைத் துப்புகிற மனிதர்களை அத்தான் வாழ்நாளில் கண்டதில்லை. முதல் போத்தல் முடிந்தது, இரண்டாவது முடிந்தது. அத்தான் குணரத்தினம் ஐயாவின் காதையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவதும் போயிற்று. காது வெளுத்தபடியே இருந்தது.

நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு பன்ட்ரிக்குள் வந்தார். "றொசானா, இவுங்க குடிக்கல. எல்லாத்தையும் துப்புறாங்க."

"அப்ப காது செவக்கவே செவக்காது. போயிக் கேளுங்க. இப்பவே போங்க."

"இல்ல இல்ல, பகல் சாப்பாட்டுக்கு மிச்சத்த ஊத்துவாங்க. சாப்புடும்போது யாரும் துப்ப மாட்டாங்கல்ல? நாளைக்கித் தானே அனுப்புறாங்க. அவசரப்பட்டுக் கெடுத்துக்கக் கூடாது."

அந்த நேரம் பார்த்து ஐந்தாவது போத்தலின் கோர்க் கெட்டுப்போய், வைன் நனைந்த சாக்கு மாதிரி நாறியது. அது பெரிய துரை தன் பங்குக்கு வைத்த போத்தல். அவருக்கு முகம் சுருங்கிப்போனது. யார் எப்படிச் சேமித்து வைத்தது என்று மேசையில் ஒரு வாக்குவாதம். அத்தான் இன்னும் ஒடுங்கிப்போனார். எனக்குப் பொறுக்கவில்லை. எண்ணெய்த் தலையாவது மண்ணாவது என்று பாண் தட்டை எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளினேன். நானே கேட்டுவிடுவது என்ற முடிவு. அத்தான் என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். அத்தனை வருஷத்தில் அவர் என்னைத் தொட்டு இழுத்தது அந்த ஒரு தடவை தான்.

"கும்புட்டுக் கேக்கிறேன் தாயி. எம் மகன் உசுருடி. நீ போயித் தப்பா ஒரு வார்த்த சொல்லிக் கெடுத்துப்புடாத."

பாண் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். அதற்கு மேல் நான் என்ன செய்ய?

சாப்பாட்டில் எல்லாரும் தண்ணீர் குடித்தார்கள். மலைப் பாதையில் கார் ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டுமாம், போதும் என்றார்கள். சாப்பிட்டு முடிந்ததும் குணரத்தினம் ஐயா வராந்தாவில் சாய்ந்து கண்ணை மூடினார். தூங்குகிறவரை எழுப்பலாமா என்று அத்தான் தூணோரம் நின்றார். மூடுபனி இறங்கி வந்தது. அவர் கையில் ஒரு காலித் தட்டு. அதை வைத்தபடி எவ்வளவு நேரம் நின்றார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வருகிறது. ஐயா விழித்தார். தேத்தண்ணி கொடுத்தோம். அவர் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு காருக்குப் போய்க் கதவில் கையை வைத்த பிறகுதான் அத்தான் வாயைத் திறந்தார். அந்த வழக்கமான ஒரே வாக்கியம்.

"ஐயா, எம் மகன் அன்டன ஹட்டன்ல புடிச்சி வச்சிருக்காங்க, நாளைக்கி முகாமுக்கு அனுப்பப் போறாங்கங்க."

ஐயா கையிலிருந்த சாவியைக் காரின் மேல் வைத்தார். "எப்ப பிடிச்சவங்கள்?"

"வெள்ளிக்கெழமங்க."

"வெள்ளிக்கிழமையோ! நான் வந்து இறங்கேக்கை முதல்லை உம்மோடை தானே கதைச்சனான் றோலண்ட். அப்பவே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் போய் டெலிபோனைச் சுழற்றினார். 'பிறகு பார்ப்போம்' இல்லை. 'யோசிக்கிறேன்' இல்லை. வெறும் வாயோடு இருந்த மனுஷன், கேட்ட அடுத்த நிமிஷம் டெலிபோனை எடுத்துவிட்டார். அத்தான் அதைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது.

சிங்களத்தில் கொஞ்ச நேரம் பேசினார். பெயர் சொன்னார், தகப்பன் பெயர் சொன்னார். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார். டெலிபோனை மெதுவாக வைத்தார்.

"கொண்டு போயிட்டாங்களாம், றோலண்ட். வாகனம் ஒரு நாள் முந்தி வந்திட்டுதாம். இப்ப, கொஞ்சத்துக்கு முன்னம். மத்தியானம் டெலிபோன் எடுத்திருந்தால் உங்கடை கையிலையே ஒப்படைச்சிருப்பன் எண்டு இன்ஸ்பெக்டர் சொல்லுறார்."

அத்தான் வழக்கம் போலக் குனிந்து, "ஐயாவுக்கு வேற தேத்தண்ணி கொண்டாரவாங்க?" என்று கேட்டார். நான் கத்திவிட்டேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று நினைவில்லை. துரை எழுந்து வந்தார். யார் வந்தாலென்ன? இருட்டும் நேரத்தில் அக்கா பங்களாப் பாதையில் ஏறி வந்தாள். கையில் பிரிக்காத சோற்றுப் பார்சல். காலையில் சேதி சொல்ல மட்டும் விட்டார்களாம், பார்சலை வாங்கவில்லையாம். வண்டி போவதை ஸ்டேஷன் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறாள்.

குணரத்தினம் ஐயாவைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மாதக்கணக்கில் அலைந்தார். எங்கள் வீட்டுக்கு வந்து பலகையில் உட்கார்ந்து பேசினார். ஆனால் முகாமுக்குள் போன பிறகு அது வேறு சட்டம், வேறு ஆட்கள். அத்தான் அந்த வருஷத்தில் அடியோடு மாறிப்போனார். பங்களாவுக்கு யார் வந்தாலும், கார்க் கதவு திறக்கும் முன்பே போய் நின்று, "ஐயா, எம் மகன்..." என்று ஆரம்பித்துவிடுவார். தேயிலை வாங்க வந்தவர்களிடம், ரேடியோ திருத்த வந்தவனிடம், பறவை பார்க்க வந்த வெள்ளைக்காரர்களிடம். துரைக்கு மானம் போயிற்று. கோட்டைக் கழற்றச் சொல்லிவிட்டு அவரைக் குசினிக்குள் தள்ளினார். என் பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தார். காலைப் பூசைக்குக்கூடப் போகவில்லை. அவரைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

அடுத்த வருஷம் தவக்காலத்தில் அன்டன் வந்தான். பாதி ஆளாக வந்தான். வலது பக்கம் நின்று கூப்பிட்டால் அவனுக்குக் கேட்காது. இரும்பு வாளி எங்காவது விழுந்து சத்தம் கேட்டால் சுவரோரம் ஒதுங்கி, தலையைக் கையால் மூடிக்கொள்வான். அக்கா சோறாக்கிக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அத்தான் தான் பரிமாறினார். பங்களா மேசையில் பரிமாறுவது போல இடது பக்கமாக நின்று, குனிந்து போட்டார்.

சாப்பிட்டுக்கொண்டே அன்டன் கேட்டான். "அன்னைக்கி அந்த ஐயா வந்தாராப்பா?"

"வந்தாரு" என்றார் அத்தான். இந்தத் தடவை அவர் கொஞ்சமும் தாமதிக்கவில்லை. "காலையிலயே வந்தாரு. நான் தான் சாயங்காலம் கேட்டேன்."

அவன் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். அந்த முகத்தைக் கண்டதும் அவனுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. நல்ல பிள்ளை. கோபமே இல்லாமல், ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னான்.

"சரி விடுங்கப்பா. அங்கன ஸ்டேஷன்ல இருந்த வரைக்கும் நான் நல்லாத்தான் இருந்தேன். ஒருத்தரும் என் மேல கை வைக்கல. அந்த ஞாயித்துக்கெழம மத்தியானம் பருப்பும் சோறும் கூடக் குடுத்தாங்க. அப்பா கேட்டுருவாருன்னு எல்லார்க்கிட்டயும் சொல்லிக்கிட்டு உக்காந்திருந்தேன். வண்டியில ஏத்தினாங்கல்ல, அதுக்குப் பொறகு தாம்ப்பா அடிச்சாங்க."

அத்தான் கரண்டியை எடுத்து அவன் தட்டில் சோறு போட்டார். மறுபடியும் போட்டார். தட்டு நிறைந்து சோறு பலகையில் சரிந்தது. "போதும்ப்பா, போதும்ப்பா" என்று அன்டன் சொல்லிக்கொண்டே இருந்தான். அத்தான் போட்டுக்கொண்டே இருந்தார்.